முள் இறங்கிய மத்தியானம்

நேற்றுக் காலை எங்கள் கம்பெனி பஸ் வாலாஜாபாத் தாண்டியதும் தானாகவே மெதுவாகிவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணல சார், சூடு ஏறிச்சுன்னா அதுவே அடங்கிக்கும்" என்றார் ஓட்டுநர். முன்னாலிருந்த திரையில் ஏதோ சிவப்பாக ஒளிர்ந்தது. பஸ்ஸுக்குள் லேசான தித்திப்பு வாசனை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தால் வருமே, அது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இடது தொடை சுட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே சுட்டது.

முன்பு நானும் அண்ணனும் ஓட்டிய லாரியில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் இரும்பு மூடி போட்ட இன்ஜின், அதற்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் அண்ணன். ஓட்டுகிறவனுக்கு இடது தொடை வேகும், பக்கத்தில் இருப்பவனுக்கு வலது தொடை. ஆளுக்குப் பாதி தூரம் மாற்றி மாற்றி ஓட்டுவோம். வேக்காட்டைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடோ என்று இப்போது தோன்றுகிறது. கூலன்ட் எல்லாம் எங்களுக்கு ஏது? போகிற வழியில் எந்த ஏரி வருகிறதோ அதன் தண்ணீர்தான்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்களுக்கிருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று நைனா வாங்கிய வண்டி அது. அறுவடைக் காலத்தில் காவாந்தண்டலத்திலும் தென்னேரியிலும் நெல் ஏற்றி ரைஸ் மில்லுக்குக் கொண்டுபோவோம். மற்ற நாளில் செங்கல், வைக்கோல், எது கிடைத்தாலும். பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே வாங்கியது என்பதை நைனா ஒளிக்கவே இல்லை. "வண்டி ஓடுற வரைக்கும் வெளி வேலைன்ற பேச்சே எட்க்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். வண்டியும் அவர் மாதிரியே பிடிவாதம், ஓடிக்கொண்டே இருந்தது.

அதில் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள். கால்நடை வைத்தியர் மாட்டின் கண்ணைப் பார்ப்பது போல நாங்கள் அதைப் பார்த்தோம். சாவி போட்டதுமே முள் துள்ளிக்கொண்டு சிவப்புக்குப் போனால் சூடு இல்லை, ஒயர் எங்கோ உரசுகிறது. அசையவே இல்லை என்றால் இன்ஜினில் திருகியிருக்கும் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி இரும்பில் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போது முள் எகிறினால் மீட்டர் நல்லது, சென்சார்தான் செத்திருக்கிறது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே கிடுகிடுவென்று ஏறி, ரேடியேட்டரின் மேல் குழாய் கொதித்து, கீழ்க் குழாய் சில்லென்று இருந்தால், சூடானதும் தண்ணீரை ஓடவிடும் தெர்மாஸ்டாட் வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வால்வைச் சோதிக்க அதைக் கழற்றி நூலில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட வேண்டும். நல்ல வால்வு என்றால் வாயைத் திறக்கும். ஒருமுறை அம்மா இல்லாத நேரம் பார்த்து அடுப்பில் வைத்தேன். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ரசம் வெக்கிற சட்டில லாரியோட கொடலப் போட்டுக்கினு கீறியே, நீ உருப்புடுவியா?" வால்வு கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அம்மா அன்றெல்லாம் மூடவில்லை.

புதிது வாங்கிப் போட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் யார் போட்டார்கள்? "இந்த வெயிலுக்கு இன்னாத்துக்குப்பா வால்வு, தூக்கிக் கடாசு" என்பதுதான் எல்லா மெக்கானிக்கும் சொல்லும் வைத்தியம். அண்ணன் கடாசிவிட்டான். அதற்கப்புறம் வண்டி ஓடும்போதெல்லாம் முள் கீழேயே படுத்துக்கிடக்கும். காலையில் கரும்புகை, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஆனாலும் முள் கீழே இருந்தால் எல்லாம் சுகம் என்று ஊரே நம்பியது.

அந்தச் சித்திரையில் எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்கு ஆர்டர் வந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது என் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. நைனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் பதில் என்ன என்று தெரியும். வண்டி ஓடுகிறதே!

வெள்ளிக்கிழமை மத்தியானம். தென்னேரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டினேன். பாரமும் வெயிலும் சேர்ந்து, வழக்கமாகக் கீழே கிடக்கும் முள் முக்காலுக்கு வந்துவிட்டது. அடுத்த வளைவில் சட்டென்று கீழே விழுந்தது.

வேறு எவனாக இருந்தாலும் பெருமூச்சு விட்டிருப்பான். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் இல்லாவிட்டால் வெறும் ஆவியில் நின்றுகொண்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொய் சொல்லும். எங்கோ குழாய் கிழிந்து தண்ணீர் மொத்தமும் போய்விட்டது. இப்படியே இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் போதும், இன்ஜின் இறுகிச் செத்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. முள் கீழேதானே இருந்தது? திங்கட்கிழமை நான் ஒரகடத்தில் இருப்பேன்.

நூறு அடி ஓட்டினேன். இருநூறு அடி ஓட்டினேன். பெயின்ட் தீயும் நாற்றம் வந்தது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தம் மாறி உள்ளே ஏதோ நெறுநெறுவென்று கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்துவிட்டேன். ஓரமாக உருண்டுபோய் நின்றது.

சூடான இன்ஜினில் உடனே தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மரம் மட்டை இல்லாத இடம். வண்டியின் நிழலில் ஒடுங்கி உட்கார்ந்தோம். அண்ணன் சொன்னான்:

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கம்முனு வுட்ருக்கலாம்டா."

"இன்னாது?"

"முள்ளு வியுந்தத நானும்தான் பாத்துக்கினு இருந்தேன்."

திண்டிவனத்தில் அவன் மச்சான் ஹார்டுவேர் கடை போடுகிறாராம், கூட்டுச் சேரக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். "தெனம் வண்டில ஏறசொல்லவே இன்னிக்கு இது சாவட்டும்னு வேண்டிக்கினுதான் ஏறுவேன்" என்றான். நான் சட்டைப்பையிலிருந்த ஆர்டரை எடுத்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்து, கிழிந்த முனையை அறுத்துக் குழாயை மறுபடி மாட்டி, ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். நல்ல வண்டி, ஒரே இழுப்பில் கிளம்பியது.

விஷயம் எப்படியோ நைனா காதுக்குப் போய்விட்டது, நல்ல பாதி மட்டும். "எம் புள்ளைங்க இருக்கசொல்ல வண்டி சாவுமா?" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அதற்குமேல் யார் வாயைத் திறப்பது? திங்கட்கிழமை செங்கல் ஏற்றினோம்.

அதற்கப்புறம் ஏழு வருஷம். நைனா போன பிறகுதான் வண்டியை விற்றோம், உடைக்கிறவனுக்கு. அண்ணன் திண்டிவனம் போனான். எனக்கும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது, வயது தாண்டியதால் சின்ன வேலை. வண்டி போன அன்று எனக்குத் துளி வருத்தம் இல்லை என்று சத்தியம் செய்வேன்.

ஆனால் அந்த ஏழு வருஷமும் கேபினுக்குள் ஒருத்தனை ஒருத்தன் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. தொடை வேக வேக, வெளியே போனதும் என்ன செய்யப்போகிறோம் என்பதையே பேசுவோம். அவன் கடையில் எந்த அலமாரியில் என்ன ஆணி வைப்பான் என்பது வரை எனக்குத் தெரியும். இப்போது அவனிடம் நிஜமாகவே கடை இருக்கிறது. நான் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். மாதத்துக்கு ஒருநாள் போன் பேசுவோம்.

"எப்டிண்ணா கீற?"

"கீறேன்டா. நீ?"

"கீறேன்."

பிறகு இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. யார் முதலில் வைப்பது என்று கொஞ்சநேரம் காத்திருப்போம்.