பசி போன பிறகு வந்த உபசாரம்

என் மாமியார் என்னைப் பார்த்து "சாப்டியா?" என்று முதன்முதலாகக் கேட்டபோது, பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம், உப்பளம் என்கிற பேட்டையில் இருந்த புகுந்த வீட்டில் எல்லோரும் கைகழுவின பிறகு சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டவள் நான். அப்போதெல்லாம் எனக்கு நல்ல பசி. கேட்கத்தான் நாதியில்லை. பசி போன பிறகு வந்து கேட்டார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எனக்கு வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆட்கள் வெறும் வயிற்றோடு நிற்பார்கள். குத்தி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லி, "டிபன் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று அனுப்புவேன். ஊரார் சுகரையெல்லாம் பார்த்தவள் என் சுகரைப் பார்க்கவில்லை. புது மெஷின் வந்த அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என் ரத்தத்தையே வைத்தேன். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மெஷின்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி வைத்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காகப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் ரிசல்டைக் கொண்டுபோனேன். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இந்த சுகரோட கரு உண்டானா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. முதல்ல இதை இறக்கணும், வெயிட்டையும் குறைக்கணும். அப்புறம்தான் குழந்தை" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி ஒன்றை எழுதினார். அதைப் போடுகிற காலத்தில் கரு உண்டாகக் கூடாது, குழந்தை வேண்டுமென்றால் சில மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியும்.

அந்த ஊசி என்ன செய்கிறது என்று லேபில் சும்மா இருக்கிற நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சோறு உள்ளே இறங்கியதும் குடலே ஒரு ஹார்மோனை விடுகிறதாம். அது கணையத்திடம் போய் இன்சுலினை அனுப்பு என்கிறது. இரைப்பையிடம், அவசரப்படாதே, மெதுவாகத் தள்ளு என்கிறது. மூளையிடம் போய், போதும், கையை எடு என்கிறது. உடம்பில் தானாகச் சுரக்கிறது கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். ஊசியில் இருப்பது அதே வேஷம் போட்ட ஆள், ஆனால் வந்தால் வாரம் முழுக்க நகராது. நாலு வாய் உள்ளே போனதுமே வயிறு முட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் சோறுதான் வயிற்றை நிறைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போதும் என்று சொல்ல உள்ளே தனியாக ஒரு ஆள் இருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஊசி விஷயம் மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். என் மாமனார் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடின பிறகு சுகர் வந்து, மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு காலையே வெட்டி எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார். அதிலிருந்து என் மாமியாருக்கு சுகர் ஊசி என்றால் பாடை கட்டுகிற சமாச்சாரம். "சுகர்காரிய நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு ஆரம்பிச்சுடும். சொல்லாத. உங்க லேப்லயே வெச்சுக்கோ" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சரியென்று ஊசிப் பேனாவை லேப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

டோஸைக் கூட்டின வாரம்தான் கூத்து ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வைத்திக்குப்பத்துக்குப் போய்ப் படகு வந்த சூட்டோடு சங்கரா மீன் வாங்கி வந்திருந்தார். நான் அரிவாள்மனையில் உட்கார்ந்து செதில் சீவினேன். செவுளை இழுத்தேனோ இல்லையோ, அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. எழுந்து ஓடினேன். கொல்லைக் குழாயடியில் குனிந்து குடலே வெளியில் வருகிற மாதிரி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாமியார் பின்னால் நிற்கிறார். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஏம்மா, எத்தினி நாளாச்சு தலைக்கு ஊத்தி?"

எனக்கு மாதவிலக்கு எப்போதுமே ஒழுங்காக வராது. என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். விழித்ததே போதுமானதாக இருந்தது. "அப்டிப் போடு!" என்று கையைத் தட்டினார். "நாலஞ்சு நாளாவே பாக்கறேன், சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சுட்டு எழுந்துக்கறா. மொகம் சுண்டிப் போச்சு. மீன் வாசன ஆவல. இது மசக்கை இல்லாம வேற இன்னா?" என்றவர் வாசலுக்கே போய்விட்டார். எதிரில் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற வீடு என்பதால் தெருவில் அதற்கு அந்தப் பெயர். அந்த வீட்டம்மாவிடம் "எம் மருமவ முழுகாம இருக்கா!" என்று சொன்னது எனக்குக் குழாயடி வரைக்கும் கேட்டது.

இல்லை என்று அப்போதே கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயில் கசப்பும் கண்ணில் தண்ணீருமாக நின்றுகொண்டிருந்தவளை, செதில் ஒட்டின கையோடு இருந்தவளை, மாமியார் திரும்பி வந்து தன் முந்தானையால் முகம் துடைத்துவிட்டு "எங்கண்ணு" என்றார். ஒன்பது வருஷமாக "இந்தா பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்ட பிறகு எப்படி இல்லை என்பது?

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரட்டும், அவரே தன் அம்மாவிடம் எடுத்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு ஞாயிறானாலும் தட்டாஞ்சாவடி பேக்டரியில் ஓவர்டைம். வீட்டுக்குள் நுழைகிறதற்குள் தெருவே சொல்லிவிட்டது போலிருக்கிறது, கையில் மல்லிகைப் பூவோடு வந்தார். நான் அறைக்குள் இழுத்துப் போய், "ஊசி டோஸ் கூட்டினாங்க, அதான் வாந்தி. போய் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"தெரியுதுப்பா. இருக்கட்டுமே. கெழவி எவ்ளோ சந்தோசமா இருக்கு பாரு. ரெண்டு நாள் போவட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார்.

ரெண்டு நாள் என்றது வாரங்களாக ஓடியது. எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் எழுந்தால் காபி என் கையில் வந்தது. பெரிய மார்க்கெட்டிலிருந்து மாங்காய் வந்தது, நார்த்தங்காய் வந்தது. நெத்திலியை வறுத்து, மணம் ஆகாதென்று எலுமிச்சை பிழிந்து, முள்ளெடுத்து என் தட்டில் வைத்தார் மாமியார். எல்லோருக்கும் முதலில் எனக்குத்தான் சோறு. "சாப்டியா? இன்னும் ரெண்டு வாய்" என்று வேலைக்குப் போன இடத்துக்கும் போன் வரும். அத்தனையும் எதற்குள் போகும்? முந்தின நாள் சோறே இரைப்பையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சாப்பிடாமல் விட்டால் மசக்கை முற்றுகிறது என்று இன்னும் கரிசனம் கூடும். சாப்பிட்டால் வாந்தி வரும், அதற்கும் கரிசனம் கூடும். சனியன், எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்லை.

இதற்கு நடுவில் எனக்கே புத்தி பேதலித்தது. ஒரு மதியம் லேபில் ஆளில்லாத நேரம் பார்த்து, என் சிறுநீரையே எடுத்துக் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் விட்டுப் பார்த்தேன். எதனால் வாந்தி வருகிறது என்று நன்றாகத் தெரிந்தவள்தான். அப்படி உண்டாகியிருந்தால் அது ஆபத்து என்றும் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை இருந்துவிட்டால் என்று ஒரு ஆசை. அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. இன்னொரு கோடு வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நாளைக்கு நீங்க சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அவர் மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேக்டரியில எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டேன். இப்பப் போய் இல்லன்னா எவ்ளோ அசிங்கம்? இன்னும் கொஞ்ச நாள் போவட்டும். அப்புறம் தங்கலன்னு சொல்லிக்கலாம்."

"இன்னா சொன்னீங்க?"

"தங்கலன்னு சொல்லிக்கலாம். எத்தினி பேருக்குக் கலையுது. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. பாவம்னுதான் சொல்லுவாங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! இல்லாத பிள்ளையைக் கொன்று என் மடியில் போடுகிற யோசனை அது. அவர் மானம் அவரிடம் பத்திரமாக இருக்கும். எனக்குப் பெயர், வயிற்றில் பிள்ளை தங்காதவள். தெருவில் நடந்தால் பாவம் என்று பார்ப்பார்கள், சீமந்த வீட்டில் ஓரமாக நிற்க வைப்பார்கள். ஊசி போடுகிற பெண்டாட்டியைவிடக் கரு கலைந்த பெண்டாட்டி அவருக்கு மரியாதையாகப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் இருந்த பிடிப்பு அறுந்தது.

அதற்குள் மாமியார் என் அம்மாவுக்கு ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். மசக்கைக்காரிக்குத் தாய் வீட்டிலிருந்து வாய்க்குப் பிடித்த சோறு கட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மா பாகூர்ப் பக்கம் களை எடுத்துப் பிழைக்கிறவள். தூக்குத் தூக்காகப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கட்டி, அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்து இறங்கினாள். நான் போனிலாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுவிட்டு, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

கூடத்தில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். சொல்தா வீட்டம்மா வந்திருந்தார், தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். பிரான்சிலிருக்கும் மகளிடம் சொல்லிக் குழந்தைக்குச் சொக்காய் அனுப்பச் சொல்வதாக சொல்தா வீட்டம்மா சொன்னார். என் வீட்டுக்காரர் வாசற்படியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் புளிச்சோற்றை உருட்டி எடுத்து, "வாயத் தொறம்மா. வயித்துல இருக்கறதுக்குப் பசிக்கும்ல" என்றார்.

அந்த உருண்டைக்குப் பக்கத்தில் என் அம்மாவின் முகம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இதே முகத்தைப் பார்த்து, தங்கவில்லை என்று நான் பொய் சொல்ல வேண்டும். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். என்னால் முடியாது என்று தோன்றியது.

"அத்த, வயித்துல ஒண்ணும் இல்ல" என்றேன். "எனக்கு சுகர். வாரா வாரம் ஊசி போட்டுக்கறேன். பசி போனதும் அதாலதான், வாந்தியும் அதாலதான். சுகர் எறங்கினாதான் பிள்ள பெத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க பிள்ளதான் உங்ககிட்ட சொல்லாதன்னாரு."

மாமியார் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார். "ஏண்டா, இவ சொல்றது நெசமா?"

அவர் என்னைப் பார்த்தார். பாய் முழுக்க உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"எனக்கே இப்பதாம்மா தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று எழுதப் பிடிக்கவில்லை. புருஷனையே ஏமாற்றினவள் என்றார்கள். மாமியார் என்னைத் திட்டினதைவிட, மூலையில் உட்கார்ந்து மாமனார் பெயரைச் சொல்லி அழுததுதான் எனக்கு வலித்தது. அந்த அம்மாளிடம் மட்டும் எனக்குக் கோபமில்லை. என் அம்மா தூக்குகளை மூடி எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். ஏறுகிற நேரத்தில் "கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து பழையபடி எல்லோருக்கும் கடைசியில் சாப்பிட்டேன். சாப்டியா என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பக்கத்தில் வந்து படுத்தார்.

சில மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். ரிசல்டைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். சுகர் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது, எடையும் நன்றாக இறங்கியிருந்தது. "சபாஷ்! இனிமே ஊசிய நிறுத்திடலாம். கொஞ்ச மாசம் விட்டுட்டு, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாம்மா. நீ ஆசப்பட்ட மாதிரியே குழந்தைக்குப் பாக்கலாம்" என்றார்.

சீட்டில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். ஊசி போடுகிற வரைக்கும் கரு உண்டாகக் கூடாது என்று அன்றைக்கு இதே அறையில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"வேணாம் டாக்டர்" என்றேன். "ஊசியே எழுதிக் குடுங்க."