கதவோரம் விட்ட சிமெண்ட்

திருத்தணிக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்து மாதா கோயில் ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலைக்கு நான் மேற்பார்வை இன்ஜினியர். சுவர் வேலைக்கு உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வந்தார். மலைக்குப் போய் அடித்த மொட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது. எந்தச் சுவரானாலும் முதலில் விரல் முட்டியால் தட்டி, உள்ளே கெட்டியா பொள்ளலா என்று காதை ஒட்டவைத்துக் கேட்பார்.

சுவரில் இருக்கும் சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரிக்கிறது, சுரண்டிவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு பூச வேண்டும் என்று விளக்கினேன். விவரங்கெட்டவன் எவனோ பூசியிருக்கிறான் என்று திட்டவும் செய்தேன்.

"நான்தான் சார் பூசுனேன்."

யார் பூசச் சொன்னது என்று கேட்டேன்.

"அப்போ இருந்த ஃபாதர் ஒரு இன்ஜினியரைக் கூட்டிகினு வந்தாரு. சுண்ணாம்பு உதிர்ந்துகினே இருக்குது, சிமெண்ட் போட்டாதான் கோயில் நிக்கும்னாரு. அவரும் உங்கள மாதிரியே நல்லா வெளக்கித்தான் சொன்னாருங்க."

கடைசி நாள் பார்த்தால், கதவோரம் ஒரு கையகலத்துக்குச் சிமெண்டைச் சுரண்டாமல் விட்டு, சுற்றிலும் அழகாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மறக்கலீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து சிமெண்ட்தான் சரின்னா, போட்டப்போ சுவரு எப்படி இருந்துச்சுன்னு காட்ட வேணாமா?"

அதையும் சுரண்டச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் கோயிலுக்குள் நுழைந்து, அந்தத் துண்டைத் தட்டிக் காதை வைக்கிறேன். பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்பையும் தட்டுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கின்றன.