முழங்கால்களுக்கு நடுவே ஒரு செருப்பு

மூட்டு ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆனதோடு என் கபடி முடிந்தது. “ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது” என்று டாக்டர் சொன்ன பிறகு நான்கு வருஷம் எந்தத் திடலையும் நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும். ஓடாமல் ஆடும் ஆட்டம் ஒன்று புதுச்சேரியில் இருப்பதாக நண்பன் சொன்னபோது, “கேரம் போர்டா?” என்று எரிந்து விழுந்தேன். பெத்தாங்க் என்று பெயராம், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். வட்டத்துக்குள் நின்றபடி இரும்புக் குண்டை எறிந்து, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இதுவும் வராவிட்டால் விளையாட்டுக்கே பெரிய கும்பிடு என்று முடிவெடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

விழுப்புரத்தில் காலை 5.40 பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து, திடல் இருக்கும் சாரம் பகுதிக்கு ஆட்டோ 100 ரூபாய் (நூற்றைம்பதில் ஆரம்பிப்பார்கள், அசராதீர்கள்). மண் திடலில் நண்பனின் தங்கை ஜெனி காத்திருந்தாள். வங்கியில் வேலை, ஞாயிறு காலையில் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

உள்ளங்கை தரையைப் பார்க்க, குண்டு விரல் நுனியிலிருந்து நழுவ வேண்டும். அது பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. கால்தான் படுத்தியது. குண்டு தரையில் விழும்வரை இரண்டு பாதமும் எழும்பக்கூடாது. இருபது வருஷம் ஓரிடத்தில் நிற்காத கால் கேட்குமா? ஒவ்வொரு முறையும் முன்னே பாய்ந்தது.

“இன்னாண்ணே, யாரத் தொடப் போறீங்க?” என்று சிரித்த ஜெனி, என் செருப்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “முட்டிக்கு நடுவுல வச்சிக்குங்க. இது கீழ வுழாம எறிங்க.”

முப்பது முறை விழுந்தது. ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேருக்கு நல்ல பொழுதுபோக்கு. மானம் கப்பலேறிவிட்டது.

“போதும்மா. எனக்கு இந்த ஜென்மத்துல வராது.”

“மூச்ச அடக்கிக்கினு எறியிறீங்கண்ணே. அதான் ஒடம்பே எகிறுது. கபடியில ரெய்டு போறப்ப அடக்குவீங்களா?”

“அடக்கினா எப்படிம்மா பாடுறது?”

“அப்ப பாடிக்கினே எறிங்க.”

வெட்கமாகத்தான் இருந்தது. கபடி, கபடி, கபடி என்று முணுமுணுத்தபடி எறிந்தேன். மரக்குண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. குனிந்து பார்த்தேன், செருப்பு விழவில்லை. நான்கு வருஷமாக நான் வாயால் சொல்லாத வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

போக நினைப்பவர்கள் ஏழு மணிக்கெல்லாம் திடலில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் வெயிலில் குண்டு கையைச் சுடும். குண்டு அங்கேயே தருகிறார்கள். என்னைப் போல மூட்டுத் தகராறு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் கிளம்பும்போது, சிரித்த நாலு பேரில் ஒருவர் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம எங்க டீமுக்கு ஓராள் கொறையுது. வர்றீங்களா, கபடிக்காரரே?”

5.40 பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.