பௌர்ணமிக்கு மறுநாள் ஓடாத கணினி

என் கணினியை நானே அசெம்பிள் செய்தேன். யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொல்லாமல் நான் காப்பி கொடுப்பதில்லை என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். சென்னை ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து பாகம் பாகமாக வாங்கி வந்து, வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு திருகாக முடுக்கியது நான். அவர் டார்ச் அடித்தார். அதிலும் பாதி நேரம் வெளிச்சம் என் கண்ணில்தான் விழுந்தது.

ஆசைக்காகச் செய்த காரியம் இல்லை அது. வேலூரில் ஒரு பதிப்பகத்துக்குப் பாடப்புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. பல வருடங்கள் இருட்டில் கிளம்பி, இருட்டில் வீடு திரும்பினேன். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அந்த வீட்டில் பகல் வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வரும் என்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் துணிந்து கேட்டேன். சொந்தக் கணினி இருந்தால் வீட்டிலிருந்தே செய்யுங்கள், ஆனால் காலையில் நாங்கள் வந்து உட்காரும்போது பக்கங்கள் இங்கே இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு முழுப் புத்தகத்தை அச்சுக்கான கோப்பாக மாற்றி அனுப்ப மணிக்கணக்காகும். அதனால் இரவு படுக்கும் முன் கணினியை ஓடவிட்டுவிட்டுப் படுப்பேன். வேலூரில் அலுவலகம் திறப்பதற்குள் அது பாட்டுக்கு வேலையை முடித்து வைத்திருக்கும்.

பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் முடித்து வைத்திருக்காது.

முதல் தடவை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் பார்த்தால் திரை அப்படியே உறைந்து கிடந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்தது. ரேம் சரியாக உட்காரவில்லை என்பதற்கான சத்தம் அது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, விரல் அகலப் பட்டையான அந்த ரேமை உருவி, அதன் பல் பகுதியைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகினேன். கணினி எழுந்துகொண்டது. பக்கங்கள் மத்தியானம்தான் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த மாதமும் இதே கதை.

என் கணவருக்குக் கொண்டாட்டம். பெட்டிக்கும் மலை சுற்ற ஆசை வந்துவிட்டது, அடுத்த தடவை அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வேலூரில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் நீங்கள் பழையபடி இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவதுதான் நல்லது என்று எங்கள் பிரிவுத் தலைவி போனில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. காலை நேரத்து வேலூர் பேருந்தின் டீசல் நாற்றம் அந்த நிமிடமே மூக்கில் ஏறியது.

நான் உட்கார்ந்து யோசித்தேன். ரேமை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். புது ரேம் வாங்கிப் போட்டேன். ஊருக்குள் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர், பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் என்றார், அதையும் மாற்றினேன். கடைசியில் மின்சாரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பௌர்ணமியன்று ஊரே விளக்கும் கடையுமாக இருக்கிறது, கரண்ட் கம்மியாக வரும், அதில்தான் கணினி திணறுகிறது என்று முடிவு கட்டினேன். பிளக்கில் செருகினால் வோல்டேஜ் எவ்வளவு என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கினேன். இந்த முறை அந்தக் கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று இருந்தேன்.

பௌர்ணமியன்று எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனாரும் அவர் கணவரும் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார்கள். நாத்தனாரை நான் அண்ணி என்பேன், அவர் கணவரை அண்ணா என்பேன். என் கணவரையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் கிரிவலம் போய்விட்டு விடிகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். எனக்கு அந்தக் கூட்டம் ஆகாது. மலை இங்கேதானே இருக்கிறது, ஆள் கம்மியாக இருக்கும் ஒரு நாளில் சுற்றிக்கொள்வேன். திரும்பி வந்ததும் அண்ணி அறையில் படுப்பார், ஆண்கள் இருவரும் கூடத்தில் பாயை விரிப்பார்கள். அவர்கள் படுத்திருக்கும்போது நான் கூடத்துக்குள் போவதில்லை. சமையலறையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சாப்பிட்டு பஸ் ஏறிய பிறகுதான் கணினிப் பக்கம் வருவேன்.

அன்றைக்கு மீட்டரைப் பார்ப்பதற்காக அடிமேல் அடிவைத்துக் கூடத்துக்குள் போனேன். பொழுது விடிந்திருந்தது. மீட்டரில் வோல்டேஜ் ஒழுங்காக இருந்தது. எதுவும் கம்மியாகவில்லை. அதற்குப் பக்கத்தில், மேஜைக்கடியில் நான் வைத்திருந்த கணினிக் கேபினெட்டின் மேல் இரண்டு கால்கள் இருந்தன.

அண்ணா பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் கேபினெட்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெறுங்காலில் மலை சுற்றி வந்த கால்கள். பாதம் முழுக்கத் தார்ச்சாலைக் கறுப்பு. இரவெல்லாம் ஓடிய பெட்டி கதகதப்பாக இருந்திருக்கும், உயரமும் கணக்காக இருந்திருக்கும். தூக்கத்தில் ஒரு காலை எடுத்து மறுபடி தொப்பென்று போட்டார். என் கண்ணெதிரே திரை உறைந்தது.

அவர்கள் ஊருக்குப் போனதும் வேலூருக்குப் போன் செய்து, இதுதான் கடைசித் தடவை என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டு மூடியைக் கழற்றினேன். கேபினெட்டின் தகரம் மட்டமான தகரம். ரேம் இருக்கும் மூலையில் ஒரு திருகு மரை தேய்ந்து பிடிக்காமல் நின்றது. மேலே கனம் ஏறினால் தகரம் வளைந்தது, கூடவே உள்ளே இருக்கும் மதர்போர்டும் வளைந்தது, ரேம் மயிரிழை எழும்பிக்கொண்டது. நிச்சயம் செய்துகொள்ள என் கணவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் போடச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்துங்க என்றேன். மாமா கால் அளவுக்கு என் காலில் கனம் கிடையாது என்று முனகிக்கொண்டே அழுத்தினார். கணினி நின்றது. கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. இதை யார் அவரிடம் சொல்வது? அண்ணா இந்த வீட்டு மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை அவருக்கு. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவர் எழுந்து வரக் கூடாது, நாம்தான் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவரும் அதிர்ந்து பேசாத மனிதர்.

"மாமா வர்றதே மாசத்துல ஒரு நாளு. அவரப் போயி கால எடுங்கன்னு நான் சொல்லணுமா? எங்கக்கா என்ன சும்மா விடுமா?" என்றார் என் கணவர்.

அக்காவுக்கு இவர் பயப்படுவதற்காக நான் வேலூர் பேருந்தில் தொங்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எனக்கும்தான் வாய் வரவில்லை. கெட்டியான புதுக் கேபினெட் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். அதை மேஜை மேலேயே ஏற்றி வைத்தேன். காலியான பழைய பெட்டியை என்ன செய்வது என்று பார்த்தபோது அந்தத் தார்க் கறுப்புப் பாதங்கள் ஞாபகம் வந்தன. உள்ளே இரண்டு செங்கல்லை வைத்து மூடி, பழைய இடத்திலேயே மேஜைக்கடியில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் காரியத்தை முடித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமி கழிந்த காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. திரும்பினால் அண்ணா. அவர் அந்த வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. என்ன வேண்டுமோ என்று பதறி எழுந்தேன்.

"ஏம்மா, பொட்டி சில்லுனு கெடக்குதே. ஓடலியா?" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "ராத்திரியெல்லாம் ஓடுனாதான் உனக்கு வேலைன்னு உங்கூட்டுக்காரன் சொல்லியிருக்கான். சூடே இல்லன்ன ஒடனே எனக்குத் தூக்கம் போயிடுச்சு. இப்ப என்னா பண்ணுவ?"

இவர் காலுக்கு இதமில்லை என்று எழுந்து வரவில்லை. என் பிழைப்பு நின்றுவிட்டதோ என்று வந்திருக்கிறார். இதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. துருவலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உறைந்த திரை, ரேம், வேலூர் போன், அவர் கால், செங்கல் வைத்த பெட்டி, ஒன்றையும் விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அப்படின்னா இத்தினி மாசமா உன்ன வேலூருக்குத் தொரத்தப் பாத்தது நான்தானா?" என்றார்.

அறைக்குள்ளிருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணாவும் சிரித்துவிட்டார். ஆனால் அவருக்கு என் வார்த்தை போதவில்லை. நிஜமாகவே ஓடுகிறதா என்று காட்டச் சொன்னார். கூடத்துக்குப் போய் மவுஸை அசைத்தேன். திரை வெளிச்சமானது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகம் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. குனிந்து திரையையே பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த புதுப் பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது.

"எதுனா தப்பா செஞ்சா நேரா எங்கிட்ட சொல்லிடும்மா. உங்கூட்டுக்காரன் சொல்ல மாட்டான்" என்றார்.

என் கணவர் பாயில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறவன் அவ்வளவு இறுக்கி மூட மாட்டான்.

அண்ணா மறுபடி படுத்தார். நான் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுபோய்ப் பழைய பெட்டியின் மேல் விரித்தேன். மாப்பிள்ளை முறைக்குக்கூட ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் கால்களைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. கூடத்து ஜன்னல் வழியாகக் காலை வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. வேலூர் பஸ் எப்போதோ போயிருக்கும்.