கடைசி நாளும் ஒரு அலறலும்

கிடங்கில் எல்லோருக்கும் அவர் நக்கல் டிரைவர். வாயைத் திறந்தால் யாராவது ஒருவரின் மானம் போகும். மகள் ஒரு தையல்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மருமகனை அவர் ஓர் ஆளாகவே மதித்ததில்லை. தையல் கடை படுத்ததும் அவனைக் கிடங்கு வேலைக்கு இழுத்து வந்தாரே, அது பாசத்தால் அல்ல. கண்ணெதிரே வைத்து வாருவதற்குத்தான்.

ட்ரெய்லரைச் சரக்கு மேடையோடு ஒட்டி நிறுத்தியதும் ஒருவன் அடியில் புகுந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வெளியே வந்து "கட்டை போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் டிரைவர் முன்பக்கம் உள்ள லீவரைத் திருப்பி, அச்சின் மேலிருக்கும் காற்றுப் பைகளை இறக்குவார். வண்டி நாலு விரற்கடை இறங்கி அழுத்தமாக உட்காரும். ஃபோர்க்லிஃப்ட் ஏறினாலும் ஆடாது.

புது ஆட்களுக்கு மட்டும் நக்கல் டிரைவர் வேறு சட்டம் வைத்திருந்தார். ஆள் அடியில் புகுந்ததுமே காற்றைத் திறந்துவிடுவார். காதருகே அது சீறியதும் வந்தவன் அலறியடித்துக்கொண்டு வெளியே பாய்வான். மேடையில் நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவர்களும் ஒரு நாள் அலறியவர்கள்தான், வெட்கங்கெட்ட கூட்டம்.

மருமகன் அலறவில்லை. சீறல் அடங்கும்வரை கைகளை மடியில் வைத்துக் காத்திருப்பான். பிறகு கட்டையைச் செருகிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வருவான்.

"கட்டை போட்டாச்சு மாமா."

இப்போது மேடை மாமாவைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு அது ஆறவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மருமகனுக்கு ஒரு சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை கிடைத்தது. மகள் பூரித்துப்போய் அப்பாவிடம் சொன்னாள். ஒரு அலறலாவது வாங்காமல் இவனை அனுப்புவதில்லை என்று அவர் கறுவிக்கொண்டார்.

கடைசி நாளன்று அவன் அடியில் புகுந்தான். காத்திருந்தான். காற்று சீறவில்லை. போகிற நாளில் மாமா விட்டுவிட்டார் என்று நினைத்திருப்பான், பாவி. கட்டையைச் செருகிவிட்டு, எழுந்திருக்க அச்சின் மேல் கையை ஊன்றினான். அப்போது அவர் லீவரைத் திருப்பினார்.

அலறல் வந்தது.

"மாட்டினாருடா மாப்பிள்ளை!" என்று மேடையில் யாரோ கத்தினார்கள். டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அலறல் நிற்கவில்லை. சிரிப்புதான் ஒவ்வொரு வாயாக நின்றது.

காற்றைத் திறந்துவிட நொடி போதும். ஏற்றுவதற்கு இன்ஜினை ஓடவிட்டுப் பைகள் நிரம்பும்வரை நிற்க வேண்டும். அவன் வலது கை அத்தனை நேரமும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவிலேயே இருந்தது.

"அவன் குரல் குடுத்தானா?" என்று மேலாளர் கேட்டார்.

"குடுத்தான்" என்றார் டிரைவர். மேடை முழுக்கத் தரையைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் மகள், விரல்கள் இல்லாத கையின் துணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு கோபம் புருஷன் மேல் திரும்பியது.

"வெளியே வராம எதுக்குக் குரல் குடுத்தீங்க? அப்பா குரல் கேக்காம காத்தை விடமாட்டாரே!"

மருமகன் மாமாவையே பார்த்தான்.

"விடும்மா" என்றார் அவர், மகளின் தலையைத் தடவியபடி. "வலியில இருக்கான். இப்போ போய் அவனைத் திட்டாதே."