பேய்க்கதைக்கு இடம் தேடுகிறவர்

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பழைய பத்திரிகைக் கட்டைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முகவரி இருக்கும் பக்கத்தைத் தேடித் தேடிக் கைபேசியில் படம் பிடிக்கிறார். வந்தது என்னவோ லிஃப்ட் பழுதுபார்க்க.

"சார், லிஃப்ட் இன்னும் ரெண்டாவது மாடியிலயே நிக்குது" என்கிறாள் வரவேற்பறைப் பெண்.

"அது எங்கயும் ஓடிடாதும்மா. இந்தப் பத்திரிகையில பேய்க்கதை போடுவாங்களா, உனக்குத் தெரியுமா?" நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கதை எழுதுகிறவர் இவரில்லை, இவர் மனைவி. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் பேய்களை உலவ விடுகிற அம்மா. எழுதி முடித்ததோடு அவர் வேலை முடிந்தது. எங்கே அனுப்புவது, புதியவர்களை யார் சீந்துவார்கள், எந்த இதழுக்கு எத்தனை பக்கம் தாண்டக் கூடாது என்பதெல்லாம் இவர் பாடு. நேர் கீழ்வீட்டில் குடியிருக்கும் எனக்கு, மேலே இவர் நடக்கிற சத்தத்திலேயே பதில் வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் வந்திருக்காது.

இருட்டுக் குழிக்குள் லிஃப்ட்டின் தலைமேல் ஏறி நின்று, விசிலடித்துக்கொண்டே கம்பிவடத்தைத் தட்டிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் பேய்க்கதை என்றால் சரியான தொடைநடுங்கி. மனைவி எழுதியதைப் பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில்தான் படிப்பார். அந்த நடுக்கத்தை வைத்துத்தான் பத்திரிகையையே தேர்ந்தெடுக்கிறார். "படிக்கும்போதே திக்குன்னா அது வாரப் பத்திரிகைக்குங்க. படிச்சு முடிச்சப்புறம் பாத்ரூமுக்குத் தனியா போக யோசனையா இருந்தா, மாசப் பத்திரிகை." சிரிக்காதீர்கள். இதுவரை அச்சில் வந்த இரண்டு கதைகளும் இந்தக் கணக்கில் போனவைதான்.

கணக்கு தப்பியதும் உண்டு. கதையில் மரம் வருகிறதே என்று தோட்டக்கலை இதழ் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். 'மரத்தைப் பற்றிய செய்திகள் அருமை. பேயை மட்டும் நீக்கிவிட்டால் வெளியிடலாம்' என்று பதில் வந்தது. "நீக்கிடலாமா?" என்று மனைவியிடமே கேட்டும் தொலைத்தார். அன்று மேலே இரண்டு பேர் நடக்கும் சத்தம் கேட்டது.

நேற்று மனிதர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல மாடிக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஒரு மாத இதழ் பேய்க்கதைச் சிறப்பிதழ் போடுகிறது. அன்று மாலையோடு கெடு. "இதையும் எடுத்துக்கலைன்னா நான் எழுதறதையே விட்டுடறேங்க, என்னால முடியல" என்று மனைவி சொல்லிவிட்டாராம். கதை தயாராக இருந்தும் இவர் அனுப்பவில்லை. படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவ படிச்சுட்டேன். மொட்டை மாடியில தனியா நின்னுகூடப் படிச்சேன். ஒண்ணுமே ஆகலைங்க, கொட்டாவிதான் வருது. இத அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மனசு விட்டுப் போயிடும். சொல்லாம அனுப்பி, அவங்க வேணாம்னுட்டாலும் அதே கதிதான்."

பார்க்கப் பாவமாக இருந்தது. "நீங்களும் கூட வாங்களேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனார்.

மனைவி கடையிலிருந்து சீக்கிரமே வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். "அனுப்பிட்டீங்களா?"

"இதோ, அனுப்பத்தான்..." ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடை.

"பயமா இருந்துச்சா?"

"அய்யோ, பயங்கரம்! கை காலெல்லாம் உதறல்."

மனைவி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார். "எங்க, அந்தக் கடைசிப் பக்கத்த எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

வேறு வழியில்லாமல் கைபேசியை எடுத்துப் படித்தார். இருக்கிற குரலையெல்லாம் நடுங்கவிட்டுத்தான் படித்தார். மனைவி கதையைக் கேட்டதாகவே தெரியவில்லை. எழுந்து வந்து, அவருடைய முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை சுருட்டிவிட்டு, படித்து முடிக்கிறவரைக்கும் அந்தக் கையையே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரோமம்கூடச் சிலிர்க்கவில்லை.

சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானையும் தானே போட்டுவிட்டார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பக்கத்தை அழிக்க ஆரம்பித்தார்.