உறுமி அடிக்காத குத்து

1. காதில் விழவில்லையா?

குத்துச்சண்டைக்குப் புள்ளி போட வரும் புது ஜட்ஜுகளிடம் நான் முதலில் சொல்வது, சொந்த ஊர்க்காரன் சண்டைக்கு உட்காராதீர்கள் என்பதுதான். நான் உட்கார்ந்தேன், அதுவும் இரண்டு தடவை.

தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றில் ஏர்கோன் ரிப்பேர் என் பிழைப்பு. வாரக் கடைசியில் ரிங் ஓரத்தில் ஜட்ஜ். ஊர் ரெம்பியா. மாநில ஹெவிவெயிட் சாம்பியன் சூசைக்கும் அதே ஊர்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் சண்டை என்றால் எங்கள் ஆட்கள் உறுமி மேளத்தோடு வந்துவிடுவார்கள். சூசை கையை வீசினால் போதும், மேளம் இடிக்கும். குத்து உடம்பில் பட்டதா, எதிராளி கிளவ்ஸில் தடுத்தானா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை.

போன வருடம் சுங்கை ரம்பாயிலிருந்து கதிரேசன் என்று யாரும் கேள்விப்படாத ஒருவன் வந்தான். மண்டபம் அதிர உறுமி அடித்தார்கள். ஆனால் சூசையின் குத்துகள் பெரும்பாலும் கிளவ்ஸில்தான் விழுந்தன. மூன்று ஜட்ஜும் கதிரேசனுக்கே போட்டோம். சாம்பியன் தோற்றான்.

மறுநாள் கோப்பிக் கடையில் மேளக்காரர் முனியாண்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தன தடவ அடிச்சோமே, உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சுண்ணே. மேளத்துக்குப் புள்ளி போட முடியாதுலா."

"நம்ம புள்ளைய நீங்களே கவுத்துட்டீங்க" என்றவர், கோப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

2. மூன்றாவது ரவுண்டு

சூசை மட்டும் முகம் திருப்பவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் வந்தான்.

"அங்கிள், இந்த வருசமும் அவனோடதான் மேட்ச். தோத்தா கிளவ்ஸ கழட்டிடுவேன். வீட்ல சொல்லிட்டேன்."

"நல்லா சாப்புடு" என்றேன். ஜட்ஜ் வேறு என்ன சொல்வது? அந்தச் சண்டைக்கு என்னை ஜட்ஜாகப் போடாதீர்கள் என்று குத்துச்சண்டைச் சங்கத்தில் கெஞ்சிப் பார்த்தேன். ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

சண்டை அன்று முதல் ரவுண்டு கதிரேசனுக்கு, இரண்டாவது சூசைக்கு. கடைசியான மூன்றாவதில் இருவருமே களைத்துப்போய்க் காற்றில்தான் வீசினார்கள். சூசை வீசியதற்கெல்லாம் மேளம் முழங்கியது. பிறகு இருவரும் என் எதிரே கயிற்றோரம் ஒட்டிக்கொண்டார்கள். சூசையின் முதுகு கூட்டத்தின் பக்கம். இடது கையால் கதிரேசனின் விலாவில் சின்னதாக ஒன்று, அடுத்து இன்னொன்று. கதிரேசனின் வாய் திறந்து மூடியது. மேளம் சத்தமே போடவில்லை. மணி அடித்தது.

நான் அந்த ரவுண்டைச் சூசைக்குப் போட்டேன். மற்ற இரண்டு ஜட்ஜும் ஆளுக்கொரு பக்கம். என் புள்ளிதான் தீர்ப்பானது. ரெஃப்ரி சூசையின் கையைத் தூக்கினார்.

முனியாண்டி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "இப்பதான் நீங்க நம்ம ஆளு!"

அந்த வார்த்தை என்னை அப்படியே உலுக்கிவிட்டது. நான் உண்மையிலேயே அந்தக் குத்தைப் பார்த்தேனா, இல்லை சூசைமேல் இரக்கப்பட்டுப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லையே. ஊருக்காக ஒருவனைத் தோற்கடித்திருந்தால் நான் இனி ரிங் பக்கம் போகக்கூடாது.

கார் நிறுத்திய இடத்தில் கதிரேசன் நின்றிருந்தான். விலாவில் ஐஸ் பை. என்னோடு சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அங்கிள், அந்தப் பக்கம் உக்காந்திருந்தது நீங்கதானே?"

"ஆமாப்பா."

"விலாவுல விழுந்தத பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"உறுமி அடிக்கல. சரி, யாரும் பாக்கல, தப்பிச்சோம்னு நெனச்சேன்லா. எனக்கு மூச்சே நின்னுடுச்சு அங்கிள்." சிரித்தான். சிரித்ததும் வலித்து விலாவைப் பிடித்துக்கொண்டான்.

அப்பாடா என்றிருந்தது. அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன், விட மனமில்லை.

புது ஜட்ஜுகளுக்கு இதையும் சொல்வேன். சொந்த ஊர்க்காரன் சண்டைக்கு உட்கார வேண்டி வந்தால், காதை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டுபோங்கள்.

சண்டைக்கு மறுநாள் கோப்பிக் கடையில் முனியாண்டி என் மேசைக்கே வந்தார். "இந்தத் தடவ மேளம் காதுல விழுந்துச்சுபோல?"

"இல்லண்ணே. நீங்க அடிக்காம விட்டதுக்குத்தான் புள்ளி போட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கோப்பியைக் குடித்தார்.